பட்டியலில் இல்லாத வசனம்

நல்ல ஆர்ட் கார்டாக இருந்தால் நாலு வருஷம் ஆனாலும் ஓரம் பிய்யாது, ஐயா. அதனால்தான் வருஷப் பிறப்பன்று தட்டிலிருந்து ஆளுக்கொன்று எடுக்கிற நம் சபையின் வாக்குத்தத்த அட்டைக்கு நான் எப்போதும் கனமான காகிதம் போடுவேன். மெல்லிசில் அடித்தால், பைபிளுக்குள் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஈஸ்டர் வருவதற்குள் நைந்துவிடும். நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிற இந்த இரண்டு அட்டையும் எங்கள் பிரஸ்ஸில் நான் அடித்தவைதான். பழையதைப் பிரபாகர் லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார். அதற்கு அவசியமே இல்லை.

'இந்த ரெண்டு வசனமும் நான் எழுதிக் குடுத்த லிஸ்டுல இல்லியேம்மா, எப்டி வந்துச்சி?' என்று கேட்டீர்கள். கல்யாணப் பிரசங்கத்துக்கு இந்த இரண்டையும் வைத்துப் பேசச் சொல்லி அவர் உங்களிடம் கொண்டுவந்து கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாளைக்கு எங்களுடைய மூன்றாவது கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைப் பார்த்துக் கேட்பீர்கள். மறைத்து வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். நீங்கள் உட்காருங்கள் ஐயா, நின்றுகொண்டிருக்கிறீர்களே.

பியூலாவும் நானும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் பெற்றவர்கள். அப்போது சித்தூரில் இருந்த போதகர் ஒரே வசனத்திலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் பெயர் எடுத்துக் கொடுத்தாராம். ஹெப்சிபா என்றால் பிரியமானவள். பியூலா என்றால் வாழ்க்கைப்பட்டவள். சண்டே ஸ்கூலில் அர்த்தம் சொல்லிக்கொடுத்த அன்று அவள் கைதட்டிச் சிரித்துக்கொண்டு, "எனக்குத்தான்டி கண்ணாலம் ஆவும், உனக்கு ஆவாது" என்றாள். எட்டு வயசு. விளையாட்டாகச் சொன்னது. எனக்கு இன்னும் அவள் போட்டிருந்த கவுனின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

அவளுக்கு வலிப்பு வந்ததை முதலில் பார்த்தவளும் நான்தான். எட்டாம் வகுப்பு லீவில், நம் கோயில் வராந்தாவில் பாட்டு கற்றுக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்தாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையை என் மடியில் எடுத்துக்கொண்டேன். அவளுடைய நைனா அன்று சாயங்காலமே என்னிடம் வந்து, "யார்கிட்டயும் சொல்லிக்காதம்மா, பொட்டப் புள்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்லவில்லை. காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று மாத்திரை. ஒழுங்காகப் போட்டால் ஒன்றும் வராது. இன்டர்மீடியட் பரீட்சை மும்முரத்தில் நாலு நாள் மறந்துவிட்டாள், காலேஜ் படியில் விழுந்து முன்பல் உடைந்தது. மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்று இந்தச் சபையில் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பிரபாகர் குடியாத்தத்திலிருந்து தன் அம்மாவோடு இங்கே சித்தூருக்கு வந்தது ஐந்து வருஷத்துக்கு முன்னால். ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ் ஆராதனையில் கீபோர்டு. அந்த வருஷப் பிறப்பன்று எனக்கு வந்த அட்டை, இருதயத்தின் வேண்டுதல்களைக் கர்த்தர் அருள்செய்வார் என்கிற வசனம். அது உங்கள் பட்டியலில் இருந்ததுதான், நான் எதையும் தொடவில்லை. அட்டையை வெட்டி அடுக்குவது நான், யாருக்கு எது என்று எடுக்க வைப்பது கர்த்தர். நான் அதை முழுசாக நம்பினேன். என் வேண்டுதல் என்ன என்று கர்த்தருக்கும் எனக்கும் தெரியும். நாற்பது வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். பிரபாகரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நாமாகப் போய்ப் பேசுவதா என்று ஒரு கூச்சம். பியூலாவிடம்கூடச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் பழகியவள், என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அவள் உபவாசமும் இருக்கவில்லை, ஒன்றும் இருக்கவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் போன வேனில், கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டி, "இன்னாங்க, உங்க கீபோர்டு எப்பப் பாத்தாலும் அழுதுக்கினே கீது" என்றாள். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவ்வளவுதான். ஈஸ்டருக்குள் இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள். நாற்பது வாரம் பட்டினி கிடந்தவளுக்கு இல்லாதது ஒரு பொட்டலக் கடலைக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது ஐயா. பொறாமை என்றுதான் அதற்குப் பெயர், வேறு பெயர் தேட நான் விரும்பவில்லை.

அவர்கள் கல்யாணத்துக்கும் நீங்கள்தான் மூன்று ஓலையும் வாசித்தீர்கள். தடை ஏதும் இருந்தால் சொல்லலாம் என்று நீங்கள் நிமிர்ந்து பார்த்தபோது நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூன்று ஞாயிறும் எழுந்திருக்கவில்லை. அதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரபாகரின் அம்மா வசந்தா அத்தையிடம் மட்டும், பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, பியூலாவின் உடம்புக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். அவர்கள் திரும்பிப் பார்த்து, "வலிப்பா? தெரியும்மா. அவளே மொத நாளே எங்க பையன்கிட்ட சொல்லிட்டா. மாத்திர நேரத்துக்குக் குடுக்கறது என் வேலை, நீ கம்முனு இரும்மான்னுட்டான்" என்றார்கள். பெருமையாகத்தான் சொன்னார்கள்.

அவர் சொன்னபடியே செய்தார். போனில் காலை எட்டு, ராத்திரி எட்டு, இரண்டு அலாரம். கல்யாணமாகித் திருப்பதியில் திருச்சானூர் ரோட்டில் வீடு பார்த்துக்கொண்டு போன பிறகும் மாதத்தில் இரண்டு ஞாயிறு இங்கே வந்துவிடுவார்கள். ஏழு மணி ஆராதனை, எட்டுக்கு நீங்கள் பிரசங்கத்தின் நடுவில் இருப்பீர்கள். அலாரம் அடிக்கும். அவர் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து எழுந்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாகப் பாடகர் வரிசைக்குப் போவார். அவள் முழுங்கும் வரைக்கும் பக்கத்தில் நிற்பார். நீங்கள்கூடப் பேச்சை நிறுத்திச் சிரித்திருக்கிறீர்கள், ஐயா. சபையே சிரித்தது. எனக்கும் எல்லோரையும் போலச் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. வசந்தா அத்தை மாறினார்கள். "மாத்திரய துன்னுக்கினே இருந்தா புள்ள எப்டிம்மா தங்கும்" என்று அவள் காதில் விழும்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். திருப்பதியில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். அந்த டாக்டரம்மா, "மாத்ரலு ஆபொத்தம்மா" என்று தெலுங்கில் கண்டித்துச் சொன்னார்களாம், நிறுத்தவே கூடாது, பிள்ளை வேண்டுமென்றால் வேறு மாத்திரைக்கு மெதுவாக மாற்றித் தருகிறேன், ஜனவரிக்கு மேல் வா என்று. டிசம்பர் முதல் வாரம் பியூலா எங்கள் பிரஸ்ஸுக்கு வந்து, காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் சொல்லி அழுதாள். நான் உங்கள் பட்டியலை டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி பண்றது ஹெப்சி. மாத்திரய நம்பறதா, கர்த்தர நம்பறதா. எனக்கு விசுவாசமே இல்லன்றாங்க."

"நான் சொல்றதுக்கு யாருடி. ஜெபம் பண்ணு."

"வருசப் பொறப்புக்கு வாக்குத்தத்தம் எடுப்போமில்ல. சுகமாக்குறேன்னு வந்தா உட்டுடறேன். வேற எது வந்தாலும் டாக்டர்கிட்டயே போய்டறேன். அவரே சொல்லட்டும்."

நான் அவளை ஏவவில்லை. அது அவளே போட்டுக்கொண்ட பொருத்தனை. சரி என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் நீங்கள் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. வந்த முதல் வருஷமே பட்டியலைக் கொடுக்கும்போது சொன்னீர்கள். நூற்றிருபது வசனம் இருக்கும்மா, ஆனால் சுகத்தைப் பற்றி ஒன்றும் வைக்க மாட்டேன், அட்டையைப் பார்த்துவிட்டு யாராவது மருந்தை நிறுத்தினால் நான்தான் தேவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள். அந்த வார்த்தை எனக்கு நன்றாகப் பதிந்துவிட்டது. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு அப்படி ஒரு யோசனை தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். பட்டியலில் அந்த வசனம் இருந்தால் நானும் தலையிட்டிருக்க மாட்டேன், அவள் கைக்கு வந்தால் வரட்டும் என்று விட்டிருப்பேன். இல்லாதபடியால் கர்த்தர் தானாகப் பேச வழியே இல்லை.

ஒரு ஷீட்டில் பன்னிரண்டு அட்டை வரும். ஒரே ஒரு ஷீட் போட்டேன். பன்னிரண்டிலும் நானே உன் பரிகாரியாகிய கர்த்தர் என்று சுகமாக்குவதைச் சொல்லும் அந்தச் சின்ன வசனம். ஓரத்தில் மற்றவற்றைப் போலவே திராட்சைக் கொடி.

வருஷப் பிறப்புக்கு முந்தின இரவு ஆராதனை தெலுங்குக்காரர்களுக்கு, நமக்குக் காலை ஆறு மணி. பெண்கள் பக்கம் தட்டைப் பிடிப்பது நான். பாடகர்கள் கடைசியில் வருவார்கள். பியூலா கடைசியிலும் கடைசி, மற்றவர்கள் எடுக்கட்டும் என்று ஒதுங்கி நிற்பது அவள் குணம். அவளுக்கு முன்னால் இருந்தவள் நகர்ந்ததும், தட்டுத் துணிக்கு மேலே மிச்சமிருந்ததை ஒதுக்கிவிட்டு, கீழே வைத்திருந்த பன்னிரண்டைப் பரப்பினேன். எதை எடுத்தாலும் அதுதான். ஆனாலும் அவள் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். கை ஒரு அட்டைமேல் போய், வேண்டாம் என்று இன்னொன்றுக்குப் போய், நடுவிலிருந்து ஒன்றை எடுத்தது. திருப்பிப் பார்த்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் கண்ணீரில் என் ஜாக்கெட் தோள் நனைந்ததை நான் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அவரிடம் அவள் சொல்லவில்லை, பயந்துவிடுவார் என்று. அலாரம் அடிக்கும், அவர் மாத்திரையைக் கையில் கொடுப்பார், அவள் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு போய்த் துப்பிவிடுவாள். எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அது ஒரு ஆறுதலாக இருந்தது, ஐயா. எட்டு மணி அலாரம் அடிக்கும்போது முன்பு எரிந்த மாதிரி எரியவில்லை. அவர் கொடுப்பதை அவள் வாங்கிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரியும் அல்லவா.

பிப்ரவரியில் ஒருநாள் மத்தியானம் போன் பண்ணினாள். "காத்தால கை ஒதறுதுடி. டம்ளர் கீழ உழுந்துடுச்சி. ஒரே ஒரு மாத்திர போட்டுக்கட்டா?" என்று கேட்டாள். நான் போடாதே என்று சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். "நீ எடுத்த அட்டை எங்கடி?" என்று கேட்டேன். பைபிளில் இருக்கிறது என்றாள். "எடுத்துப் படி" என்றேன். படித்தாள். அப்புறம், "எனக்குத்தான் புத்தி இல்ல ஹெப்சி, சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள். வேலை இருந்தது, போனை வைத்துவிட்டேன்.

மார்ச்சில் இன்னொரு தடவை கூப்பிட்டாள். குரலே வேறு மாதிரி இருந்தது. "நாள் தள்ளிப்போச்சிடி. அவருக்குக்கூட சொல்லல. உனக்குத்தான் மொதல்ல சொல்றேன். ஈஸ்டர் அன்னிக்குச் சொல்லலாம்னு கீறேன்" என்றாள். தோத்திரம் என்றேன். அன்றைக்கு அட்டையைப் பற்றிய உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. எனக்கும் ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். எல்லாமே அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கேட்ட பிறகு எனக்கு வாய் வரவில்லை.

அதிலிருந்து எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. அன்று அவர் மாத்திரையை முன்னாலேயே கையில் கொடுத்துவிட்டு விடியலிலேயே கம்பெனி பஸ்ஸில் போய்விட்டார். ஒன்பது மணிக்குக் குளிக்கப் போனவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வீட்டுக்காரம்மா செங்கமலம், குழாய்த் தண்ணீர் வழிந்து வாசல்படி வரைக்கும் வந்த பிறகுதான் கதவைத் தட்டினார்களாம். எனக்குத் தகவல் வந்து, நான் சித்தூரிலிருந்து பஸ் பிடித்துப் போய், அவர் ஸ்ரீசிட்டியிலிருந்து வருவதற்கு முன்னால் அங்கே இருந்தேன். வலிப்பில் விழுந்து துவைக்கிற கல்லில் தலை மோதியிருக்கிறது. மாத்திரை போட்டாலும் சில சமயம் இப்படி ஆகும் என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வயிற்றில் இருந்ததும் ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "காத்தால நான்தானே குடுத்தேன் ஹெப்சிபா, என் கையாலதானே குடுத்தேன்" என்று அழுதார். அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் பியூலாவுக்காக அழவில்லை என்று நினைக்காதீர்கள். மூன்று நாள் சாப்பிடவில்லை. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அந்தக் கோயில் வராந்தாவை இன்றைக்கும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை, சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் வருகிறேன். உங்கள் வீட்டில் ஐயரம்மாவைக் கேட்டுப் பாருங்கள், பார்த்திருப்பார்கள். ஆனால் அவள் விசுவாசத்தோடு போனாள். எத்தனை பேருக்கு அது வாய்க்கும்.

இரண்டாவது அட்டைக்கு வருகிறேன். அவர் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு இங்கே அம்மாவிடமே வந்துவிட்டார். வசந்தா அத்தைக்கு முழங்கால் வலி, நான் வாரத்தில் நாலு நாள் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவேன். ஒரு வருஷம் நெருங்கியும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அலாரத்தைக்கூட நிறுத்தவில்லை, ஐயா. இன்னும் எட்டுக்கு எட்டு அடிக்கிறது. அடித்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் வேலையாக அதை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

கீபோர்டு வாசிக்கிறவர் எழுந்து வர முடியாது, தட்டு அவரிடம் போவதுதான் வழக்கம். இந்த வருஷப் பிறப்புக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் இரண்டு பேருக்கும் பெயர் வந்த அதே வசனம்தான், பன்னிரண்டிலும். முழுசாகப் போட்டால் எழுத்து பொடியாகிவிடும் என்று, நீ ஹெப்சிபா என்று சொல்லப்படுவாய் என்கிற முன்பாதியை மட்டும் வைத்தேன். பின்பாதியில்தான் பியூலா வருகிறாள். அவர் ஒரு கையால் வாசித்துக்கொண்டே இன்னொரு கையால் எடுத்தார். படித்ததும் வாசிப்பது நின்றுவிட்டது. சபை பாட்டில்லாமல் அப்படியே நின்றது, ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொங்கல் கழிந்ததும் அத்தை பெண் கேட்டு வந்தார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் கர்த்தர் எனக்கு ஒரு வாக்கு கொடுத்தார். கொடுத்த வாக்கை அவர் மறக்கிறவர் அல்ல என்று நீங்களே பிரசங்கித்திருக்கிறீர்கள். நான் தட்டைப் பிடித்தேன், அவ்வளவுதான். அட்டையில் இருந்தது முழுக்க வேத வசனம், என் சொந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை. இதில் தடை என்று சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கு மனைவி இல்லை, எனக்குப் புருஷன் இல்லை, ரத்த உறவும் இல்லை.

தண்ணீர் குடியுங்கள் ஐயா. உங்களால் முடிவு பண்ண முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் வரும்போது இந்தக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தேன். நேற்று சாயங்காலம் நீங்கள் கூப்பிட்டனுப்பியதுமே அடித்தேன், மை காய்ந்துவிட்டது. மேசையைக் கொஞ்சம் ஒழித்துக் கொடுங்கள், பரப்புகிறேன். நாளைக்கு மூன்றாவது ஓலையை வாசிக்கலாமா, கூடாதா என்று கர்த்தரிடமே கேட்டுவிடுவோம். பன்னிரண்டு இருக்கிறது ஐயா, கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதை எடுங்கள்.